சேப்பந்தண்டு மட்டும் வந்த சனிக்கிழமை

லிஃப்டுக்கு எதிரே, சுவரோரமாக, இருபத்திரண்டு சாக்குப் பைகள் வரிசையாக நின்றன. சனிக்கிழமை காலை ஏழரை மணி. ஒவ்வொரு பையின் வாயிலிருந்தும் முழ நீளத்துக்குப் பச்சையும் ஊதாவுமாகத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பளபளவென்று துடைத்த தரையில் சேற்றுத் தண்ணீர் கோடு கோடாக ஓடியது. லாபி முழுக்கக் குளத்து வாசனை.

ஒன்பதாவது மாடி தத்தா பாபு தன் பையை அப்படியே தரையில் கவிழ்த்தார். அவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். பையிலிருந்து விழுந்தது சேப்பந்தண்டு. அதற்கடியில் இன்னும் சேப்பந்தண்டு. கடைசியில் ஒரு துண்டு வாழைத்தண்டும், ஈரத்தில் சுருண்டுகிடந்த அல்லித்தண்டும்.

"காய் எங்கே?" என்று கேட்டார்.

"இதுதான் தாதா," என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள், காய் கொண்டுவந்த ஷெஃபாலி. "வயல்ல இருபது நாளா தண்ணி நிக்குது. பீர்க்கங்கொடி, புடலங்கொடி எல்லாம் அழுகிப்போச்சு. தண்ணிக்குச் சாகாம நிக்கிறது இது மட்டுந்தான்."

"போன வாரமும் இதேதான் கொடுத்தே."

"அடுத்த வாரமும் இதேதான் வரும்."

சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை, குரலைத் தணிக்கவில்லை. புடவையின் கரை முழுக்கக் காய்ந்த சேறு. ஒன்றரை வருஷமாக அவளிடம் காய் வாங்குகிறேன். அவளை எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான்.

எட்டு நாற்பது பஸ்

இந்தப் பை விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வங்காளத்துப் புதுநகரான நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடியைத் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஷெஃபாலிக்கு வயல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளிடம் பணம் கட்டிப் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரம் வயலில் என்ன விளைந்ததோ அதில் ஒரு பை நமக்கு வரும். இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்திருந்தோம்.

"என்ன காய் வேணும்னு நாம சொல்லக் கூடாதா? பெறவு எதுக்கு வாங்கணும்?" என்று என் கணவர் சங்கரன் முதல் நாளே கேட்டார். அவருக்கு முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொடிமாஸும் இருந்தால் வருஷம் ஓடிவிடும்.

ஓடிவிட்டது என்பதுதான் என் வருத்தம். கிடர்பூர் துறைமுக ஆபீஸில் நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே அளந்துவிட்டேன். அப்போது லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. காலை எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எட்டே காலுக்குள் எந்தக் காய் வெந்து இறங்குமோ அதுதான் அன்றைக்குச் சமையல். முப்பத்திரண்டு வருஷமும் உருளைக்கிழங்கு என்னைக் காப்பாற்றியது. சனிக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கி வருவேன். வழியில் வங்காளிப் பெண்கள் தரையில் பரப்பி வைத்திருக்கிற கீரைகளையும் பூக்களையும் ஒரு பார்வை பார்ப்பேன். நிற்க நேரம் கிடையாது.

ரிடையர் ஆகி, நியூ டவுனில் பதினொன்றாவது மாடிக்கு வந்த பிறகு நேரம் கிடைத்தது. காய்தான் போனது. செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் பிளாஸ்டிக் தட்டில் எட்டு வெண்டைக்காய் வரும். எட்டும் ஒரே நீளம். மோந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஷெஃபாலியின் பை வர ஆரம்பித்ததும் என் சமையலறை தலைகீழானது. சித்திரை வெயிலில் பலாமூசு வரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை வெட்டப் பழகினேன். பொட்டோல் வரும், அதற்குத் தமிழில் பெயரே கிடையாது. ஊரில் யாராவது கேட்டால் கோவைக்காய்க்கு அண்ணன் என்று சொல்லிவைப்பேன். அதை நீளவாக்கில் கீறி, மல்லியும் வற்றலும் வறுத்துப் பொடித்து அடைத்து, நல்லெண்ணெயில் மெதுவாகப் புரட்டினால் இரண்டு கவளம் சாதம் கூடப் போகும். முருங்கைப்பூ வந்த வாரம் பருப்பு உசிலி. கொடிப்பசலை வந்தால் மோர்க்கூட்டு. அறுபதைத் தாண்டிய வயசில், நாளைக்கு என்ன சமைக்கப்போகிறோம் என்று தெரியாமல் படுத்து, ஆசையோடு எழுந்தேன்.

எட்டுப் பேருக்கு அரித்த தொண்டை

சேப்பந்தண்டோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

கல்யாணமாகி லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டு மாஷிமா ஒரு கட்டு கொச்சுத்தண்டு கொடுத்தாள். மாஷி என்றால் இங்கே சித்தி. சேம்புக்கு இங்கே கொச்சு என்று பெயர். எப்படிச் சமைக்க வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அப்போது வங்காளம் பாதிதான் புரியும். புரிந்த பாதியை வைத்து, தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளோடு எட்டுப் பேருக்குப் பரிமாறினேன்.

இரண்டாவது கவளத்தில் மாமியார் தொண்டையைப் பிடித்தார். அடுத்து மாமனார். அப்புறம் வரிசையாக எல்லோரும் மோரைக் கேட்டார்கள். புரியாமல் போன பாதியில்தான் புளி இருந்திருக்கிறது. சேப்பந்தண்டைப் புளித்தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்தால்தான் அரிப்பு அடங்கும்.

"இந்த ஊர்க் காய் எதுவும் இனிமே நம்ம அடுப்புல ஏறக் கூடாது," என்றார் மாமியார். அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகியும், மற்றக் காய்கள் ஏறிவிட்ட பிறகும், சேப்பந்தண்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் அமலில் இருந்தது. அமல்படுத்தியவர் என் கணவர்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு பதினொன்றாவது மாடிக்கு வந்தபோது, அவர் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம்

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம். கீழே ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். என் கணவர்தான் சங்கத்தின் செகரட்டரி. பொருள் என்னவென்று அவர் எழுந்து படித்தார். சனிக்கிழமை காய்கறி வண்டியைக் கேட்டுக்குள் அனுமதிப்பதா, வேண்டாமா.

வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தத்தா பாபு எழுந்தார். "விஷயம் காய் இல்லை. சுத்தம். போன வாரம் லிஃப்டில் நத்தை இருந்தது. என் மனைவி மிதித்துவிட்டாள்."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "சேறு, நாற்றம், வெளியாட்கள் லாபியில் வந்து நிற்பது. இதற்கா இவ்வளவு செலவு பண்ணி இங்கே வீடு வாங்கினோம்? அதுவும் மூன்று வாரமாகக் கொச்சு!"

பலர் தலையாட்டினார்கள். பங்கு எடுத்தவர்களும் ஆட்டினார்கள். கோடைக்காலம் முழுக்க அவளுடைய வெள்ளரிக்காயைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டவர்கள்.

நான் எழுந்தேன். ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் யூனியன் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்; ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"தத்தா பாபு, நாம வாங்கினது காய் இல்லை. அவ வயல்ல ஒரு பங்கு," என்றேன். என் வங்காளம் கோபத்தில் நன்றாக ஓடும். "வெயில்ல வெள்ளரிக்காய் வந்தப்போ பங்கு இருந்தது. வயல் முங்கினதும் பங்கு இல்லையா? அவ வீட்டுலயும் மூணு வாரமா கொச்சுதான் வேகுது. அவ சாப்பிடறதை நாம சாப்பிட்டா என்ன குறைஞ்சுடும்?"

"மிசஸ் சங்கரன், உணர்ச்சிவசப்படாதீங்க. வெளியாட்கள்—"

"யார் வெளியாள்? இந்த ஹால் இருக்கற இடத்துல அவ மாமனார் கத்திரிக்காய் போட்டிருக்கார். நான் அம்பாசமுத்திரத்துலேருந்து வந்தவ. நீங்க அசன்சோல்லேருந்து வந்திருக்கீங்க. வெளியாள் எழுந்து போகணும்னா முதல்ல நாம ரெண்டு பேரும் போகணும்."

கத்திரிக்காய் விஷயத்தை ஷெஃபாலி ஒரு தடவை பேச்சுவாக்கில், ஏதோ பழைய பஸ் ரூட்டைச் சொல்வதுபோல, என்னிடம் சொல்லியிருந்தாள். அதை நான் நாலு பேர் நடுவில் வைப்பேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முடிவெடுப்பது சங்கத்தின் கமிட்டி; அதில் ஏழு பேர். வண்டி வரக் கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான்கு கைகள் உடனே உயர்ந்தன. ஐந்தாவது கை கொஞ்சம் தயங்கி, நோட்டுப் புத்தகத்துக்கு மேலே பாதி உயரத்துக்கு வந்து நின்றது. அது என் கணவருடைய கை.

செகரட்டரி சாப்பிட வந்தார்

நான் நேராக மேலே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

சேப்பந்தண்டைத் தோலுரித்து நறுக்கினேன். புளித்தண்ணீரில் வேகவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். வெந்தயமும் வற்றலும் நல்லெண்ணெயில் தாளித்து, பூண்டு வதக்கி, புதிதாகப் புளி கரைத்து ஊற்றி, கெட்டியாகக் குழம்பு வைத்தேன். வாழைத்தண்டில் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. அல்லித்தண்டை நாருரித்து, இரண்டு விரல்கடைக்கு நறுக்கி, தேங்காயும் கடுகும் அரைத்துப் போட்டுப் புரட்டினேன். பையில் இருந்தது எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு வீடு முழுக்கப் புளியும் வெந்தயமும் மணந்தது. கோபத்தில் சமைத்தால் சமையல் கெட்டுப்போகும் என்று யார் சொன்னார்களோ, அன்றைக்குக் குழம்பு பிரமாதம்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார்.

"கோமு, நான் செகரட்டரியா கை தூக்குனேன். பெரும்பான்மை அப்படி இருக்கு. புருஷனா தூக்கல்ல."

"இப்ப சாப்பிட உக்காருதது யாரு? செகரட்டரியா, புருஷனா?"

அவர் உட்கார்ந்தார். தட்டில் சாதத்தைப் போட்டேன். குழம்பைப் பார்த்ததும் அவர் கை பின்வாங்கியது.

"வேற ஒண்ணும் இல்லையாட்டி?"

"இந்த வீட்டுல இன்னைக்கு இதுதான் விளைஞ்சிருக்கு."

அவர் தயிர் எடுத்துப் பிசைந்து, ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு அழுகை வரவில்லை. எதிரே உட்கார்ந்து, குழம்பு ஊற்றி மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

அவருக்காகத் தனியாக உருளைக்கிழங்கு வதக்கித் தருவேன் என்று எதிர்பார்த்தார். மூன்று நாள் தயிர் சாதம் நடந்தது. நாலாவது நாள் அவரே ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டை ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு கரண்டி ஊற்றினார். அதனால் எங்கள் சண்டை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். குழம்பு வேறு, கை தூக்கியது வேறு.

கேட்டுக்கு வெளியே

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. ஷெஃபாலியின் வண்டியைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். நம் ஊரில் குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன லாரிக்கு இங்கேயும் சின்ன யானை என்றுதான் பெயர். அது ரோட்டைத் தாண்டி, டீக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நான் குடையோடு இறங்கிப் போனேன். ஏழாவது மாடி ருமாவும் வந்திருந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ராத்திரிப் பூராவும் கண் விழித்த முகம். "என் அம்மா அல்லித்தண்டில் இறால் போடுவாள் மாஷி. நீங்க தேங்காய் போட்டேன்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை," என்று மழையில் நின்றுகொண்டு சண்டை போட்டாள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஆறு பேர். இருபத்திரண்டில் ஆறு.

ஷெஃபாலி வண்டியில் இருந்த மீதிப் பைகளைப் பார்த்தாள்.

"அவங்க வர மாட்டாங்க, இல்ல தீதி?" என்றாள். தீதி என்றால் அக்கா.

"வர மாட்டாங்க."

"நீ எதுக்குக் கூட்டத்துல பேசினே? உன் புருஷன் செகரட்டரி ஆச்சே."

"அதனாலதான் பேசினேன்."

அவள் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. அடுத்த பங்குக்குப் பதினாறு வீடு குறைந்தால் மேற்கு வயலை விட்டுவிட வேண்டியதுதான், மீன் குட்டை போட ஒருவர் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒரு தடவை குட்டையாக வெட்டிவிட்டால் அது திரும்பவும் வயலாகாது.

அன்று ஒரு டிபன் பாக்ஸில் சேப்பந்தண்டுக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். அவளிடம் கொடுத்தேன். மறுவாரம் பாக்ஸைத் திருப்பித் தரும்போது, "புளி ஜாஸ்தி," என்றாள். "ஆனா சோறு பத்தலை."

அந்த வாரத்திலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஷெஃபாலி போனில் மறுநாள் என்ன வரும் என்று சொல்வாள். அதை எப்படி எல்லாம் சமைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த விதத்தையும், ருமாவுடைய அம்மாவின் விதத்தையும், ஷெஃபாலியின் விதத்தையும் வங்காளத்தில் ஒரு தாளில் எழுதி, டீக்கடைப் பலகையில் ஒட்டுவேன். எழுத்துப் பிழைகளை டீக்கடைக்காரர் திருத்துவார். டீ குடிக்க நின்ற வழிப்போக்கர்கள் படித்தார்கள்; அவர்களில் இரண்டு பேர் பங்கு எடுத்தார்கள். அடுத்த டவர்காரர்கள் இரண்டு பேரும் பங்கு கேட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் டீச்சர் ஒருத்தி சேர்ந்தாள். நவராத்திரிப் பூஜை முடிந்து தண்ணீர் வடிந்தபோது ரோட்டில் பதினோரு பேர் நின்றோம். மேற்கு வயல் குட்டையாகவில்லை.

பூக்கோசு வந்ததும்

பனி இறங்கியது. வயலில் சேறு காய்ந்து வண்டல் ஆனதும் மண் கொழித்துப்போனது. அந்த வருஷத்து மாதிரிப் பூக்கோசை நான் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, இலைக்குள் முகம் புதைத்துக்கொண்டு. கூடவே பட்டாணி, அவரை, நூல்கோல், பிஞ்சு முள்ளங்கி. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு லாபி வழியாக நடக்கும்போது ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

இரண்டே வாரத்தில் சங்கம் கூடியது. மூன்றாவது சனிக்கிழமை காலை, என் கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு கவரோடு என்கூடவே இறங்கி வந்தார். முதல் தடவையாக அந்த ரோட்டைத் தாண்டினார். முகத்தில் ஒரு பெருமை. எனக்குச் சமாதானம் சொல்லத்தான் இவ்வளவும் செய்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"வண்டி உள்ளே வரலாம்மா. கமிட்டி அனுமதி," என்று ஷெஃபாலியிடம் கவரை நீட்டினார்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ருமா வாங்கி வங்காளத்தில் படித்துச் சொன்னாள். காய்கறி வண்டி சனிக்கிழமைகளில் லாபி வரை வரலாம். காய்கள் கழுவியிருக்க வேண்டும். இந்த அனுமதி குளிர்காலம் முடியும் வரை.

ஷெஃபாலி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மழைக்காலத்துல?"

ருமா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"மழைக்காலத்தைப் பத்தி எழுதலை," என்றாள்.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தோம். "அது... பெறவு பாத்துக்கிடலாம்னு..." என்று தமிழில் ஆரம்பித்து, வங்காளத்தில் முடிக்கத் தெரியாமல் நிறுத்தினார்.

ஷெஃபாலி கடிதத்தை மடித்தாள். மரியாதையாக, இரண்டு கையாலும் அவரிடமே கொடுத்தாள்.

"தாதா, எனக்கு இங்கயே சௌகரியம். பூக்கோசு வேணுங்கிறவங்க ரோட்டைத் தாண்டி வரட்டும். பங்கு எடுத்தா கொச்சுவும் சேர்த்துத்தான். தனியாப் பூக்கோசு கிடையாது."

அவர் காது சிவந்துபோனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொன்னதில் சேர்க்கவும் குறைக்கவும் எனக்கு எதுவும் இல்லை.

"ஏட்டி, நான் போய் அவங்கட்ட என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். தத்தா பாபு கடைசிவரை சேரவில்லை. மற்றபடி இரண்டு குடும்பங்கள் ரோட்டைத் தாண்டி வந்தன.

போன வாரம்

இப்போது மறுபடி மழை. வயலில் கணுக்கால் தண்ணீர் என்று ஷெஃபாலி சொல்கிறாள். இரண்டு வாரமாகப் பையில் சேப்பந்தண்டும் வாழைத்தண்டும்தான். டீக்கடை ஓரத்தில் பதிமூன்று குடைகள் நிற்கின்றன. யாரும் விலகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போட வேண்டும். எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது. செகரட்டரி பதவிக்கு மறுபடி நின்ற என் கணவர் மூன்று ஓட்டில் தோற்றார். ஜெயித்தது ருமா.

அன்று மத்தியானம் அவர் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்கு வாழைத்தண்டு நறுக்கித் தந்தார். இப்போதெல்லாம் அது அவர் வேலை. வட்டமாகச் சீவி, ஒவ்வொரு வில்லையிலிருந்தும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு அடுத்ததைச் சீவுவார். பாதித் தண்டை நறுக்கினார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ரோட்டுல நிக்கிற நம்ம கட்டடத்துக்காரங்க எட்டுப் பேர்ல ஒருத்தர் கூட எனக்குப் போடலையோ?"

"நான் போடல்ல," என்றேன். "மத்த ஏழு பேரைப் பத்தி எனக்குத் தெரியாது."

அவர் விரலில் சுற்றியிருந்த நாரைப் பார்த்தார். அப்புறம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த வில்லையைச் சீவினார்.